மலைக்கு மேலே வட்டமிடுவது யார்?
இரைகொல்லிப் பறவைகளை இனங்காணப் பழகுவோம்



தோட்டத்து வானில் பெரிதாக ஒன்று வட்டமிட்டால் போதும், "பருந்து வந்திருச்சு, குஞ்சுகளைப் புடிச்சு அடைங்க" என்று லயத்துத் தொங்கலிலிருந்து ஒரு குரல் கேட்கும். பிள்ளைகள் கவணைத் தேடுவார்கள். தாய்க்கோழி கொக்கரித்துக்கொண்டு செடிக்குள் ஒளியும். நமக்கு அது 'பருந்து', அவ்வளவுதான். ஆனால் மலையகத்து வானில் பறப்பது ஒரே பருந்தல்ல. பாம்பு தின்னுவது ஒன்று, எலி தின்னுவது ஒன்று, குளவிக் கூட்டைப் பிய்த்துத் தின்னுவது ஒன்று. கோழிக்குஞ்சைத் தூக்குவதும் உண்டு. ஆனால் எல்லாமே தூக்குவதில்லை.

இவற்றைப் பிரித்தறிவது பொழுதுபோக்கு மட்டுமல்ல. எது திருடன், எது நமக்கு வேலை செய்யும் கூட்டாளி என்று தெரிந்தால் வீணாக ஒன்றைக் கொல்ல மாட்டோம். இன்னொன்றும் இருக்கிறது. ஒரு பறவை கொழுந்து மலைக்கு மேலே எந்த மரத்தைச் சுற்றுகிறது என்று கவனிக்கத் தெரிந்தால், குளவிக் கொட்டிலிருந்து ஒரு உயிரையே காப்பாற்றிக்கொள்ளலாம். அதனால் இந்த இதழில் இரைகொல்லிப் பறவைகளைப் பற்றிப் படிப்போம். பெரியவர்கள் வாசித்துப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் பாட்டி தாத்தாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

1. இரைகொல்லிப் பறவை என்றால் என்ன?

வேறு உயிர்களைப் பிடித்துத் தின்று வாழும் பறவைகளில் கழுகு, பருந்து, வல்லூறு, ராஜாளி, ஆந்தை ஆகியவற்றையே இப்படிச் சொல்கிறோம். இவற்றுக்கு மூன்று ஆயுதங்கள் உண்டு.

வளைந்த அலகு: இறைச்சியைக் கிழிப்பதற்கு. கவ்வாத்துக் கத்தியின் வளைவை நினைத்துக்கொள்ளுங்கள்.

கூரிய நகங்கள்: கொல்லுவது பெரும்பாலும் அலகல்ல, காலும் நகமும்தான்.

கண்: நாம் பார்க்க முடியாத தூரத்தில் புல்லுக்குள் ஓடும் எலியை மேலிருந்தே பார்த்துவிடும்.

இன்னொரு விசேஷம். கோழியில் சேவல்தான் பெரிது. கழுகு, பருந்து, வல்லூறு இனங்களில் பெரும்பாலும் பெண்தான் பெரிது. ஒன்று சின்னதும் ஒன்று பெரியதுமாக இரண்டு சேர்ந்து பறந்தால் அது தாயும் குஞ்சும் என்று நினைத்துவிடக் கூடாது. கணவன் மனைவியாகவும் இருக்கலாம்.

2. எங்கே, எப்போது பார்ப்பது?

நுவரெலியாப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு நல்ல இடங்கள் கைக்கெட்டும் தூரத்திலேயே உள்ளன.

விக்டோரியா பூங்கா: விக்டோரியா மகாராணியின் ஆட்சியின் 60ஆம் ஆண்டு நிறைவை நினைவுகூர்ந்து 1897இல் இந்தப் பெயர் வைக்கப்பட்டது. டவுனுக்கு நடுவிலேயே இருக்கிறது. பெரிய பழைய மரங்கள், நடுவே ஓடை, நிறையச் சின்னப் பறவைகள். சின்னப் பறவை நிறைந்த இடத்துக்கு அதைப் பிடிக்க வல்லூறும் வரும். மரமில்லாத புல்தரைப் பக்கம் நின்று அண்ணாந்து பார்த்தால் சுற்றியுள்ள மலைகளின் மேலே வட்டமிடும் கழுகுகளும் தெரியும்.

கல்வேஸ் லேண்ட்: 1938இல் சரணாலயமாக்கப்பட்ட இந்தச் சிறு காடு 2006இல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. பரப்பளவில் மிகச் சிறியது. ஆனாலும் உள்ளே நடந்தால் மலைக்காட்டின் உண்மையான இருட்டும் ஈரமும் தெரியும்.

ஹக்கல தாவரவியல் பூங்கா: கொயினா மரம் பயிரிட்டுப் பார்ப்பதற்காக 1861இல் தொடங்கப்பட்டது. பின்னால் ஹக்கல மலைப்பாறை செங்குத்தாக நிற்கிறது. பாறையும் காடும் ஒட்டிய இடம் கழுகுக்குப் பிடித்த இடம்.

ஹோட்டன் சமவெளி: 1988இல் தேசியப் பூங்காவானது. திறந்த புற்றரையும் காடும் மாறி மாறி வருவதால் பறவையைத் தூரத்திலேயே பார்த்துவிடலாம்.

போக வசதி இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். காட்டோரத்தில் தேயிலை மலை இருக்கும் எந்தத் தோட்டத்திலும் இந்தப் பறவைகளில் சிலவற்றைப் பார்க்கலாம். பூங்காவில் பழகிக்கொண்டால் பிறகு நம்ம மலையே நமக்குப் பூங்காதான்.

நேரம்: விடிந்ததும் தேடினால் பெரிய கழுகு கிடைக்காது. வெயில் ஏறித் தரை சூடாக வேண்டும். சூடான காற்று மேலே எழும்பும். அந்தக் காற்றில் இறக்கையை விரித்து வைத்துக்கொண்டு, அடிக்காமலேயே கழுகு வட்டம் போட்டு உயரும். அதனால்தான் பனி விலகிய பிறகு, காலை 9 மணி முதல் பகல் 11.30 வரை நல்ல நேரம். பிற்பகலில் மூடுபனி வந்தால் எதுவும் தெரியாது. வல்லூறு மட்டும் காலையிலேயே மரத்துக்கு மரம் பாயும்.

காலம்: மழை ஓய்ந்து வானம் தெளியும் தை முதல் பங்குனி வரை மலையகத்தில் பார்ப்பது சுலபம். வடக்கு நாடுகளில் குளிர் தொடங்கும்போது இங்கே வந்து தங்கும் விருந்தாளிப் பறவைகளும் அப்போது இருக்கும். இவை புரட்டாசி, ஐப்பசி வாக்கில் வரத் தொடங்கிப் பங்குனி, சித்திரையில் திரும்பும்.

காதையும் தீட்டிக்கொள்ளுங்கள்: காகங்கள் திடீரென்று கூட்டமாகக் கத்தினால், கொண்டைக்குருவிகள் ஒரே மரத்தைச் சுற்றிச் சண்டை போட்டால், அந்த மரத்தைப் பாருங்கள். பத்தில் சில தடவையாவது அங்கே ஒரு வல்லூறோ ஆந்தையோ ஒளிந்திருக்கும். சின்னப் பறவைகள்தான் நமக்கு இலவச வழிகாட்டி.

3. பார்த்ததும் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

பறவையைக் கண்டதும் "நிறம் என்ன?" என்றுதான் எல்லாரும் கேட்போம். வெயிலுக்கு எதிரே பார்த்தால் வெள்ளையும் கறுப்பாய்த்தான் தெரியும். நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாந்து போவோம். இந்த வரிசையில் கேட்டுப் பழகுங்கள்.

ஒன்று, அளவு: மைனா அளவா, காகம் அளவா, சேவலைவிடப் பெரிதா? நமக்குத் தெரிந்த பறவையோடு ஒப்பிடுங்கள்.

இரண்டு, இறக்கை: அகலமா, ஒடுக்கமா? நுனி கைவிரல் விரித்தது போலப் பிரிந்திருக்கிறதா, கத்தி போலக் கூராக இருக்கிறதா?

மூன்று, வால்: நீளமா, குட்டையா? பட்டை இருக்கிறதா? எத்தனை?

நான்கு, அடிப்பக்கம்: தலைக்கு மேலே போகும்போது இறக்கையின் கீழே வெள்ளைப் பட்டை, கோடு, புள்ளி ஏதும் உண்டா?

ஐந்து, பறக்கும் விதம்: வட்டமிடுகிறதா, மரத்தை உரசிக்கொண்டு மெதுவாகப் போகிறதா, 'படபட' என்று அடித்து வழுக்குகிறதா, ஒரே இடத்தில் காற்றில் நிற்கிறதா?

இந்த ஐந்துக்கும் பதில் கிடைத்தால் பெயர் தானாக வரும். தொலைநோக்கி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. காலையிலிருந்து பின்னேரம் வரை மலையில் நிற்கிற நமது கண்ணுக்கு நல்ல பழக்கம் இருக்கிறது.

4. நமது வானத்துப் பறவைகள்

கருங்கழுகு

மலையகத்தின் தனி அடையாளம் இது என்றே சொல்லலாம். உடம்பெல்லாம் கறுப்பு. காலும் அலகின் அடியும் மட்டும் மஞ்சள். இறக்கை மிக நீளம். உடம்போடு சேரும் இடத்தில் ஒடுங்கி, நடுவில் அகன்று, நுனியில் விரல்களாகப் பிரியும். வாலும் நீளம்.

பறக்கும் விதத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். அவசரமே இல்லாமல், மரத்தின் உச்சியைத் தொடுவது போலத் தாழ்வாக, மலைச்சரிவை ஒட்டி மெதுவாக மிதந்து போகும். எதையோ தொலைத்தவர் தேடுவது போல இருக்கும். உண்மையில் தேடுகிறது. மற்றப் பறவைகளின் கூட்டிலுள்ள முட்டையும் குஞ்சும் இதற்கு முக்கிய உணவு. அணிலையும் சிறு விலங்குகளையும் பிடிக்கும். சில வேளை கூட்டையே அப்படியே காலில் தூக்கிக்கொண்டு போய், பறந்தபடியே உள்ளே இருப்பதைத் தின்னும். இதன் தேடல் மரக்கிளையிலுள்ள கூட்டில்தான். நமது கோழிக்கூட்டில் இதற்கு அதிகம் வேலை இல்லை. ஆனால் பெரிதாய், கறுப்பாய், தாழ்வாய்ப் பறப்பதால் பழி முழுக்க இதன் தலையில்தான் விழுகிறது.

பெரும்பாலும் ஒரு தடவைக்கு ஒரு முட்டைதான் இடும். ஒன்றைக் கொன்றால் அந்த இழப்பு ஈடாக வெகுகாலம் செல்லும்.

பாம்புக் கழுகு

நாட்டில் பல இடங்களிலும் அடிக்கடி பார்க்கக் கிடைக்கும் கழுகு. மேலே வட்டமிடும்போது அடிப்பக்கத்தைப் பாருங்கள். கருமையான இறக்கையின் பின்விளிம்புக்குச் சற்று உள்ளே, இந்த நுனி முதல் அந்த நுனி வரை ஒரு வெள்ளைப் பட்டை ஓடும். வாலிலும் ஒரு வெள்ளைப் பட்டை. இந்த இரண்டையும் கண்டால் சந்தேகமே வேண்டாம்.

உட்கார்ந்திருக்கும்போது முகத்தில் மஞ்சள் தோல், மஞ்சள் கண், தலைக்குப் பின்னால் கறுப்பு வெள்ளைக் குட்டைக் கொண்டை, மண்ணிற மார்பில் வெள்ளைப் புள்ளிகள். ஓடைக்குப் பக்கத்தில், காட்டோர மரத்தில் நெடுநேரம் அசையாமல் இருக்கும். வானத்தில் இருந்தால் உரக்க விசிலடிக்கும். இரண்டு மூன்று இழுத்த சத்தங்கள். ஆளைப் பார்க்கும் முன்பே சத்தம் வந்துவிடும்.

பெயரே உணவைச் சொல்கிறது: பாம்பு. ஓணான், தவளை, எலியும் தின்னும். தேயிலைச் செடிக்குள் கை விட்டுக் கொழுந்தெடுக்கிற நமது பெண்களுக்கு இதைவிட நல்ல கூட்டாளி உண்டா? இதை அடிக்கிறவர் தன் வீட்டுக் காவல்காரனையே அடிக்கிறார்.

மலைக் கொண்டைக் கழுகு

மலைக்காட்டின் ராஜா. பெரிய உடம்பு, தலையில் நீண்ட கொண்டை, மார்பிலும் வயிற்றிலும் குறுக்குக் கோடுகள், கால்விரல் வரைக்கும் இறகு. இதன் விஞ்ஞானப் பெயரில் கெலார்ட் என்ற பெயர் இருக்கிறது. அவர் 1819இல் இலங்கையில் பிறந்த மருத்துவர், விலங்குகளையும் பறவைகளையும் ஆராய்ந்தவர். அவர் பெயரை இந்தக் கழுகுக்கு 1878இல் வைத்தவர் லெக் என்ற பறவை ஆராய்ச்சியாளர்.

காட்டுக்கோழி, முயல் போன்ற பெரிய இரைகளைப் பிடிக்க வல்லது. கல்வேஸ் லேண்ட், ஹோட்டன் சமவெளிப் பக்கங்களில் கவனித்துப் பாருங்கள். காடு அழிந்தால் முதலில் காணாமல் போகிறவர்களில் இதுவும் ஒன்று.

மாறுநிறக் கொண்டைக் கழுகு

இதற்கும் நீண்ட கொண்டை உண்டு. ஆனால் மார்பில் குறுக்குக் கோடு இல்லை, வெளுத்த மார்பில் மேலிருந்து கீழாக ஓடும் கோடுகள். இந்த ஒரு வித்தியாசத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். தாழ்நிலத்திலும் நடு மலையிலும் அதிகம். மரக்கிளையில் மறைந்திருந்து சட்டென்று பாயும். கோழி தூக்கும் கெட்ட பேர் இதற்கு உண்டு, அது முற்றிலும் பொய்யுமல்ல.

வல்லூறு

புறா அளவு, காகத்தைவிடச் சின்னது. முதுகு சாம்பல், மார்பில் நெருக்கமான செம்பழுப்புக் குறுக்குக் கோடுகள், சிவப்பு அல்லது செம்மஞ்சள் கண். நாலைந்து அடி அடித்து ஒரு வழுக்கு, மறுபடி நாலைந்து அடி, ஒரு வழுக்கு. இதுதான் இதன் நடை. மரத்துக்கு மரம் தாழ்வாகப் பாய்ந்து, மேல்நோக்கி எழும்பிக் கிளையில் உட்காரும். ஓணான், தும்பி, வெட்டுக்கிளி, எலி, சின்னப் பறவை எல்லாம் உணவு. வெட்டவெளியில் மேயும் சின்னக் கோழிக்குஞ்சு அகப்பட்டால் விடாது.

விக்டோரியா பூங்காவில் சின்னப் பறவைகள் எல்லாம் ஒரே நேரத்தில் வாயடைத்துப் போனால், ஒரு வல்லூறு அந்தப் பக்கம் வந்திருக்கலாம்.

காற்றில் நிற்கும் இருவர்

மானாப்புல் மலைக்கு மேலே, நூல் கட்டித் தொங்கவிட்டது போல ஒரே இடத்தில் இறக்கை அடித்துக்கொண்டு நிற்கும் பறவையைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பேர் அப்படிச் செய்வார்கள். முதுகு செம்மண் நிறமாய், இறக்கை கூராய் இருந்தால் சிற்றெழால். உடம்பு வெள்ளையும் சாம்பலுமாய், தோளில் கறுப்புத் திட்டும் சிவப்புக் கண்ணுமாய் இருந்தால் கருந்தோள் பருந்து. இருவரும் கீழே புல்லில் எலி, ஓணான், பூச்சி தேடுகிறார்கள். மரக்கறித் தோட்டம் வைத்திருப்பவர்கள் இவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். எலி குறைந்தால் கிழங்குக்கு மட்டுமா நல்லது? எலிக்காய்ச்சல் பரவுவதும் எலியின் சிறுநீரால்தானே.

ராஜாளி

கூரான இறக்கை, குட்டை வால், முகத்தில் மீசை போலக் கறுப்புத் திட்டு. செங்குத்துப் பாறையில் குடியிருக்கும். சிகிரியாப் பாறையில் வாழ்வது பலருக்கும் தெரியும். மேலிருந்து இரையின் மீது விழும்போது வேகம் மணிக்கு 300 கிலோமீற்றரைத் தாண்டும். உலகிலேயே வேகமான பறவை இதுதான்.

கருடன் எங்கே?

கோயில் கும்பாபிஷேகத்தில் கருடன் வட்டமிட்டால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோமே, அந்தச் செம்பருந்துக்கு வெள்ளைத் தலை, செங்காவி உடம்பு. கடற்கரை, குளம், வயல் பக்கம்தான் இது அதிகம். உயரமான மலைத் தோட்டங்களில் பழுப்பாய் எது பறந்தாலும் கருடன் என்று சொல்லிவிட முடியாது. வால் நுனி பிளந்த கரும்பருந்தோ யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கத்து ஆள். 'பருந்து' என்று நாம் பொதுவாகச் சொல்லும் சொல்லுக்கு உரிய இந்த இரண்டுமே நமது மலையில் அபூர்வம் என்பது வேடிக்கைதான்.

5. தேன் பருந்தும் குளவியும்: உயிர் காக்கும் பாடம்

இந்தப் பகுதியைக் கட்டாயம் எல்லாரும் வாசிக்க வேண்டும்.

தேன் பருந்து என்று ஒன்று உண்டு. உடம்பு கழுகளவு, ஆனால் தலை மட்டும் புறாத் தலை போலச் சின்னதாய், கழுத்து நீண்டதாய் இருக்கும். நிறத்தை நம்ப முடியாது, ஒன்று கறுப்பாய் இருக்கும், இன்னொன்று வெளுப்பாய் இருக்கும். வாலில் அகலமான கரும்பட்டைகள். சில இங்கேயே இருப்பவை, சில குளிர்காலத்தில் வெளிநாட்டிலிருந்து வருபவை.

இதன் உணவு தேனீ, குளவிக் கூடுகளிலுள்ள புழுக்கள். முகத்தில் செதில் போன்ற நெருக்கமான இறகு இருப்பதால் கொட்டு அவ்வளவாக ஏறாது. கூட்டைக் காலால் பிய்த்துக்கொண்டு போய்விடும். பருந்துக்கு வயிறு நிறைந்துவிடும். கலைந்த கூட்டம் யார் மீது பாயும்? கீழே கொழுந்தெடுக்கிறவர்கள் மீது.

தோட்டங்களில் நாம் குளவி என்று சொல்வது பல நேரம் பெரிய மலைத்தேனீயாகவே இருக்கும். உயரமான மரக்கிளையிலும் பாறையிலும் பெரிய தட்டாகத் தொங்கும் திறந்த கூடு அதனுடையது. ஒன்று கொட்டினால் அந்த வாசனைக்கு மற்றவையும் அதே ஆளைத் தேடி வரும். அதனால்தான் சில நிமிடத்தில் நூற்றுக்கணக்கில் மொய்த்துவிடுகின்றன. குளவிக் கொட்டால் தோட்டத் தொழிலாளர்கள் உயிரிழந்த செய்திகளை நாம் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டோம்.

ஆகவே கவனியுங்கள்:

• வேலைக்கு இறங்குமுன் அந்த மலையிலுள்ள உயர்ந்த மரங்களை அண்ணாந்து பாருங்கள். கூடு இருந்தால் கங்காணியிடமும் வெளிக்கள உத்தியோகத்தரிடமும் சொல்லுங்கள். "அங்க கூடு இருக்குங்க ஐயா, இன்னிக்கு அந்தப் பக்கம் நிரை போட வேணாம்" என்று சொல்வது வேலைக்கு மறுப்பல்ல, உயிருக்குப் பாதுகாப்பு.

• பெரிய பறவை ஒன்று கூடுள்ள மரத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றினால், அல்லது மரத்தில் மோதுவது போலப் பாய்ந்தால், காத்திருக்காதீர்கள். கூடையை விட்டுவிட்டு எல்லாரும் அந்த இடத்தைவிட்டு அமைதியாக, விரைவாக விலகுங்கள்.

• கூட்டம் கலைந்து வந்துவிட்டால் நின்று கையால் அடிக்காதீர்கள், நசுக்காதீர்கள். படங்கு, கொங்காணி எது இருக்கிறதோ அதால் தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு ஓடி, கட்டடத்துக்குள் போய்க் கதவைச் சாத்துங்கள். தண்ணீருக்குள் குதிக்காதீர்கள், தலையைத் தூக்கும்போது அங்கேயே காத்திருக்கும்.

• தேனீயின் கொடுக்கு உடம்பிலேயே தங்கி நஞ்சை இறக்கிக்கொண்டிருக்கும். நகத்தாலோ அட்டைத்துண்டாலோ தாமதிக்காமல் சுரண்டி எடுங்கள்.

• மூச்சு முட்டுதல், முகம் உதடு வீங்குதல், தலைசுற்று, வாந்தி இருந்தால் ஒரே கொட்டானாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு. பல இடத்தில் கொட்டியிருந்தால், ஆள் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் ஆஸ்பத்திரிக்குத்தான். "சுண்ணாம்பு தடவினாப் போதும்" என்று லயத்தில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது.

இதற்காகத் தேன் பருந்தைக் கொல்ல வேண்டுமா? வேண்டாம். அது கூடுகளைக் குறைக்கும் பறவையும் அல்லவா. அது நமக்கு ஒரு எச்சரிக்கை மணி. மணியை உடைக்கிறதில் பிரயோசனம் இல்லை, கேட்டு நடக்கிறதுதான் புத்தி.

6. கோழிக்குஞ்சைக் காப்பாற்ற என்ன வழி?

ஒரு பெட்டைக்கோழி பத்துக் குஞ்சு பொரித்து, மூன்றுதான் மிஞ்சினால் வயிறு எரியத்தான் செய்யும். பிள்ளைக்குக் கொப்பி வாங்க வைத்திருந்த காசு அதில் இருக்கிறது. அதனால் முதலில் யார் எடுத்தது என்று விசாரியுங்கள்.

இரவில் காணாமல் போனால் கழுகல்ல, பருந்தல்ல. மரநாய், காட்டுப்பூனை, பாம்பு இவற்றைச் சந்தேகியுங்கள். பகலில் போனால் வல்லூறும் கொண்டைக் கழுகும் மட்டுமல்ல, காகம், செண்பகம், கீரி, அடுத்த வீட்டுப் பூனையும் பட்டியலில் உண்டு.

செய்யக்கூடியவை: குஞ்சுகள் ஓரளவு வளரும் வரை, ஆறு முதல் எட்டு வாரம், தாயோடு மூடிய அடைப்பில் வையுங்கள். பழைய மரக்கறி வலை, மூங்கில் சட்டம் போதும். பழைய கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து மேலே கல் வைத்தாலும் சின்னக் குஞ்சுகளுக்குப் பாதுகாப்பு. வெளியே விடும் இடத்தில் மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டினால் பாய்ந்து வரும் பறவைக்கு வழி கிடைக்காது. பக்கத்தில் இரண்டு செடிப்புதர் இருந்தால் குஞ்சுகள் ஓடி ஒளியும். இரவில் கூட்டுக் கதவைச் சாத்தவும் மறக்காதீர்கள்.

செய்யக்கூடாதது: செத்த கோழியில் நஞ்சு தடவி வைப்பது. அதைத் தின்னுவது பருந்து மட்டுமல்ல. நாய் தின்னும், காகம் தின்று பீலிக்கரையில் விழும், சின்னப் பிள்ளை கையால் தொடும். எலிக்கு வைக்கும் நஞ்சிலும் இந்த ஆபத்து உண்டு. நஞ்சு தின்று தள்ளாடும் எலியைத் தின்னும் ஆந்தையும் பருந்தும் சாகும். பிறகு எலி பெருகும், பிடிக்க ஆள் இருக்காது. டி.டி.ரி. மருந்து உணவு வழியாக ஏறி ராஜாளியின் முட்டை ஓட்டை மெல்லியதாக்கி, அடைகாக்கும்போதே உடையச் செய்ததை 1967இல் பிரித்தானிய ஆராய்ச்சியாளர் ஒருவர் எடுத்துக்காட்டினார். அமெரிக்கா 1972இல் அந்த மருந்தைப் பயிருக்கு அடிப்பதைத் தடை செய்தது. நாம் மண்ணில் போடுவது வானம் வரைக்கும் போகிறது.

7. ஆந்தையைப் பற்றி ஒரு சொல்

ஆந்தையும் இரைகொல்லிதான், இரவு வேலைக்காரர். ஆந்தை அலறினால் வீட்டில் சாவு என்று பயந்து கல்லெறிகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. வயதானவர்களின் மனத்தைப் புண்படுத்தாமல் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்: ஆந்தை கூவுவது தன் துணையைக் கூப்பிட, தன் இடத்தைச் சொல்ல. அது லயத்துக்கு அருகில் வருவது எலி இருப்பதால். எலியைப் பிடிக்க வந்தவரை விரட்டினால் யாருக்கு இலாபம்?

8. சட்டம் என்ன சொல்கிறது?

1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி இந்தப் பறவைகளைக் கொல்வதும் பிடிப்பதும் முட்டை குஞ்சு எடுப்பதும் குற்றம். காயப்பட்ட பறவை கிடைத்தால் வீட்டில் வளர்க்க நினைக்காமல் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். அதுவரை காற்றோட்டமான பெட்டியில் இருட்டாக மூடி வையுங்கள். நகம் கவனம், தடித்த சாக்கால் போர்த்தித்தான் தூக்க வேண்டும்.

பூங்காவுக்குப் போகும்போதும் சில ஒழுங்குகள் உண்டு: சத்தம் போடாமல் நடப்போம். கூட்டுக்குப் பக்கத்தில் நிற்க மாட்டோம். கல்லெறிய மாட்டோம். கொண்டுபோன பொலித்தீன் பையைத் திருப்பிக் கொண்டு வருவோம்.

9. சுருக்கமாக நினைவில் வைக்க

• முழுக் கறுப்பு, மரத்தை உரசி மெதுவாக: கருங்கழுகு.
• இறக்கையின் கீழ் நீண்ட வெள்ளைப் பட்டை, விசில் சத்தம்: பாம்புக் கழுகு.
• நீண்ட கொண்டை, குறுக்குக் கோடு: மலைக் கொண்டைக் கழுகு.
• நீண்ட கொண்டை, நெடுக்குக் கோடு: மாறுநிறக் கொண்டைக் கழுகு.
• சின்னப் புறாத் தலை, கூட்டைச் சுற்றும்: தேன் பருந்து. விலகிப் போங்கள்!
• புறா அளவு, அடித்து வழுக்கும்: வல்லூறு.
• காற்றில் ஒரே இடத்தில் நிற்கும்: சிற்றெழால் அல்லது கருந்தோள் பருந்து.

பயிற்சி

1. வெயிலுக்கு எதிரே பார்க்கும்போது எதை நம்பக் கூடாது?
2. பெரிய கழுகுகளைப் பார்க்க ஏன் காலை 9 மணிக்குப் பிறகு போக வேண்டும்?
3. இரவில் கோழிக்குஞ்சு காணாமல் போனால் யாரைச் சந்தேகிக்கலாம்? யாரைச் சந்தேகிக்கக் கூடாது?
4. ஒரே இடத்தில் பல குளவி கொட்டிய ஒருவர் "எனக்கு ஒண்ணும் இல்ல" என்று சொல்கிறார். என்ன செய்வீர்கள்?
5. கருங்கழுகு ஒன்றைக் கொன்றால் அந்த இழப்பு ஈடாக ஏன் வெகுகாலம் செல்லும்?

பதில்கள் எல்லாம் பாடத்துக்குள்ளேயே இருக்கின்றன. பிள்ளைகள் ஒரு பழைய கொப்பியில் திகதி, நேரம், இடம், அளவு, இறக்கை, வால், பறந்த விதம் என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு மாதம் தொடர்ந்து எழுதினால், உங்கள் தோட்டத்து வானில் யார் யார் குடியிருக்கிறார்கள், யார் விருந்தாளி என்று உங்களுக்கே தெரிந்துவிடும். குளவிக் கூடுள்ள மரங்களையும் அதே கொப்பியில் குறித்து, வேலைக்குப் போகும் அம்மா அப்பாவிடம் காலையில் சொல்லி அனுப்புங்கள்.